திருநர் இளையோரும் மருத்துவப் பராமரிப்பும்: ஜொகூர் நீரிணையின் இரு கரைகள்

முன்னுரை

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைப்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலமாகும். நாள்தோறும் பல்லாயிரவர் அதனைக் கடக்கின்றனர். ஆயினும், திருநர்க்குரிய மருத்துவத்தில் இவ்விரு கரைகளும் கடந்த அரை நூற்றாண்டாக வெவ்வேறு வழிகளில் சென்றுள்ளன. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் தாம் உணரும் பாலினமும் மாறுபட்டு அமைவோரைத் திருநர் என்கிறோம். பலரிடம் இவ்வுணர்வு பருவமெய்தும் காலத்தில் அழுத்தம் பெறுகிறது. அக்காலத்தில் பிள்ளைகளை நாள்தோறும் காண்பவர் ஆசிரியர் ஆவார். பதின்ம வயதினரைப் பொறுத்தவரை ‘மருத்துவப் பராமரிப்பு’ என்பது யாது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சிங்கப்பூர்

1971ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை மருத்துவம் நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர் இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ்.எஸ். ரத்தினம் ஆவார். சுகாதார அமைச்சின் இசைவு பெற்ற பின்னரே அவர் இப்பணியில் இறங்கினார். அறுவைக்கு முன் உளநல மருத்துவர் ஆய்ந்து உறுதி செய்தல் வேண்டும் என்பது அவர் குழுவின் நெறியாயிற்று. அறுவை செய்துகொண்டோர் தம் அடையாள அட்டையில் பாலினத்தைத் திருத்திக்கொள்ள 1973இல் வழி ஏற்பட்டது. 1996இல் அவர்தம் திருமணமும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றது.

இவையனைத்தும் வயதுவந்தோர்க்கு உரியவை. இளையோர் பற்றிய வினா 2021 ஜனவரியில் பொதுவெளிக்கு வந்தது. ஹார்மோன் மருத்துவம் பெற முயன்ற ஒரு மாணவரின் முறையீட்டையொட்டி, அத்தகைய முடிவு மருத்துவர்க்கும் மாணவர்க்கும், மாணவர் 21 வயதிற்குட்பட்டவராயின் பெற்றோர்க்கும் உரியது எனக் கல்வி அமைச்சு விளக்கமளித்தது.

மலேசியா

கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் ஒரு காலத்தில் இத்தகைய அறுவை மருத்துவம் நடைபெற்றதுண்டு. 1980களின் தொடக்கத்தில் தேசியப் பத்வா மன்றம் பாலின மாற்றத்தைத் தடைசெய்தது. இருபால் கூறுகளுடன் பிறந்தோர்க்கு மட்டும் அது விலக்களித்தது. பத்வா முஸ்லிம்களுக்கு உரியதாயினும், அம்மருத்துவமனையின் பணி நின்றமையால் ஏனையோர்க்கும் அவ்வழி அடைபட்டது. சட்டத்துறையிலும் தெளிவில்லை. 2005இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் மருத்துவச் சான்றை ஏற்று, ஒருவரின் அடையாள அட்டையைத் திருத்த ஆணையிட்டது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதனை மறுத்தது.

முறையான வழி அரிதாகும்போது முறையற்ற வழி பெருகுகிறது. கருத்தடை மாத்திரைகளையும் ஹார்மோன் ஊசிகளையும் மருத்துவர் மேற்பார்வையின்றிப் பயன்படுத்துவோர் உளர். அளவறியாது உட்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் இரத்தக் கட்டியை உண்டாக்கக்கூடும்; கல்லீரல் பாதிப்பிற்கும் இடமுண்டு. பதின்ம வயதினர் தோழர்வழி இம்மருந்துகளை அடைவதே பெரும் ஆபத்தாகும்.

பராமரிப்பின் படிநிலைகள்

பதின்ம வயதினர்க்கான பராமரிப்பு என்றவுடன் பலர் அறுவையையே எண்ணுகின்றனர். முதற்படி, செவிமடுத்தலும் உளநல ஆய்வும் குடும்பத்துடன் உரையாடலும் ஆகும். பருவமெய்துவதற்கு முன் எம்மருந்தும் தரப்படுவதில்லை. இரண்டாம் படி, பருவ வளர்ச்சியைத் தற்காலிகமாக நிறுத்தும் ஊசிமருந்து. 1990களில் நெதர்லாந்து மருத்துவர்கள் இம்முறையை வகுத்தனர். இதனால் எலும்பின் திண்மை குறையலாம் என்னும் கவலை உண்டு. மூன்றாம் படி, ஏறத்தாழ 16 வயதில் தொடங்கும் ஹார்மோன் மருத்துவம். குரல் தடித்தல் போன்ற அதன் விளைவுகள் சில மீளா. மகப்பேற்றுத் திறனும் பாதிக்கப்படலாம். நெதர்லாந்து நெறியில் பிறப்புறுப்பு அறுவை 18 வயதிற்குப் பின்னரே இடம்பெறும்.

இடையிலுள்ள இரு படிகள் குறித்து உலகம் இன்று பிளவுபட்டுள்ளது. திருநர் நலத்திற்கான உலக மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, தக்க ஆய்விற்குப் பின் அவற்றை ஏற்கிறது. பிரிட்டனில் மருத்துவர் ஹிலரி காஸ் 2024இல் அளித்த அறிக்கை சான்றுகள் வலுவற்றவை என்றது. அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டரசு, பருவம் நிறுத்தும் மருந்தை இந்நோக்கில் 18 வயதிற்குட்பட்டோர்க்குப் புதிதாக வழங்குவதற்குக் காலவரையற்ற தடை விதித்தது. எனினும், இளையோர்க்கு மதிப்பு குன்றாத உளநல ஆதரவு வேண்டும் என்பதில் இருசாராரும் உடன்படுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனமும் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டில், இந்நிலையை உளநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியுள்ளது.

தமிழகம் தரும் பாடம்

இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது தமிழகம் (2008). 2019இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பையடுத்து, உயிராபத்து நேர்ந்தாலன்றி ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலினச் சீரமைப்பு அறுவை செய்யலாகாது என அரசு ஆணையிட்டது. 2021இல் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், பால்புதுமையரின் இயல்பை ‘மாற்றும்’ மருத்துவ முயற்சிகளைத் தடைசெய்தார். இவர்களைக் குறிக்க மதிப்புமிகு தமிழ்ச் சொற்கள் வேண்டுமென அவ்வழக்கு வலியுறுத்தியதன் பயனாக, 2022இல் அரசு சொற்பட்டியலொன்றை வெளியிட்டது. மருத்துவம் போலவே மொழியும் பராமரிப்பின் ஒரு பகுதி என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

ஜொகூரில் இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் தம் பாலின உணர்வை ஆசிரியரிடம் வெளிப்படுத்துவாராயின், அவ்வாசிரியர் மருத்துவராகவோ நீதிபதியாகவோ ஆக வேண்டியதில்லை. மாணவரின் சொல்லைப் பிறரிடம் பரப்பாமை, வழிகாட்டி ஆலோசகரிடம் ஆற்றுப்படுத்துதல், தானே மருந்துண்பதன் தீங்கை எடுத்துரைத்தல் ஆகிய மூன்றும் அவர் ஆற்றக்கூடியவை. ‘அலி’, ‘ஒன்பது’ என்னும் இழிசொற்கள் வகுப்பறையில் எழும்போது அவற்றைத் தடுத்தல் தமிழாசிரியர்க்கே உரிய கடமையாகும். மருந்து குறித்த விவாதம் முடிவுற ஆண்டுகள் பல ஆகலாம். பராமரிப்பின் முதற்படி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.