முக்கோணம் அமையும் நிபந்தனையும் தமிழின் அளவைச் சொற்களும்

0. முன்னுரை

மூன்று நீளங்கள் கொடுக்கப்பட்டால் அவற்றைப் பக்கங்களாகக் கொண்டு முக்கோணம் வரைய இயலுமா என்பது பள்ளிக் கணிதத்தின் தொடக்கநிலை வினாக்களுள் ஒன்று. இதற்கான விடை கணித நோக்கில் எளியது. அவ்விடையைத் தமிழ்த் தொடராக அமைக்கும்போது மட்டும், ஒரு சொல்லின் தேர்வாலும் ஓர் இடைச்சொல்லின் வரவாலும் அது மெய்யாகவோ பொய்யாகவோ வினாவாகவோ மாறிவிடுகிறது. தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளுக்கிடையே பாடப்பொருள் இடம்பெயரும் பெங்களூரு போன்ற நகரங்களில் மொழிபெயர்ப்பாளர் இச்சிக்கலை அடிக்கடி எதிர்கொள்ள நேரும். இந்நிபந்தனையைக் கூறும் தமிழ்த் தொடர்களின் பொருண்மையை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நிபந்தனையின் உள்ளடக்கம்

மூன்று நீளங்களுள் இரண்டிரண்டாகக் கூட்டினால் மூன்று கூடுதல்கள் கிடைக்கும். அம்மூன்றும் எஞ்சிய நீளத்தைவிட மிகுந்திருந்தால் முக்கோணம் அமையும். ஒன்றேனும் தவறினால் அமையாது. 3, 4, 5 ஆகிய நீளங்களுக்கு 3+4, 4+5, 3+5 ஆகிய மூன்று கூடுதல்களும் தேறுகின்றன. 3, 4, 9 என்பவற்றில் 3+9 என்பது 4ஐவிட மிகுதி. 4+9 என்பது 3ஐவிட மிகுதி. ஆனால் 3+4 என்பது 9ஐ எட்டவில்லை. 9 அலகு நீளமுள்ள கோட்டின் இரு முனைகளிலும் 3, 4 அலகுக் குச்சிகளை நிறுத்திச் சாய்த்தால் அவற்றின் நுனிகள் ஒன்றையொன்று தொடா.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. எந்த மூன்று நீளங்களை எடுத்தாலும், மிக நீண்டதைச் சேர்த்துக் கூட்டும் இரு கூடுதல்களும் தாமாகவே தேறிவிடும். எனவே ‘சில இணைகள் தேறுகின்றன’ என்பது முக்கோணம் அமையாத நீளங்களுக்கும் பொருந்தும் கூற்றாகும். அதனால் எதையும் விலக்க இயலாது. ‘எல்லா இணைகளும் தேறுகின்றன’ என்பதே நிபந்தனை. ‘சில’ என்பதற்கும் ‘எல்லாம்’ என்பதற்கும் இடைப்பட்ட இவ்வேறுபாட்டைத் தமிழ்த் தொடர் காட்டுகிறதா என்பதே வினா.

2. ‘ஏதேனும்’ என்னும் சொல்

ஆங்கிலத்தின் ‘எனி’ என்னும் சொல் ‘எதை எடுத்தாலும்’ என்றும் ‘ஏதோ ஒன்று’ என்றும் இடத்திற்கேற்பப் பொருள்படும். இதற்கு ஈடாகத் தமிழில் ‘ஏதேனும்’ என்பதை இடுவது எளிதாகக் கைவரும் வழக்கம். பின்வரும் தொடர்களை ஒப்பிடுக.

(1) ஒரு முக்கோணத்தின் ஏதேனும் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிட மிகுதி.

(2) ஏதேனும் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிட மிகுதியாக இருந்தால் முக்கோணம் அமையும்.

தொடர் (1) முக்கோணத்தின் பொதுப்பண்பைக் கூறுகிறது. பண்பைக் கூறும் தொடராதலின், ‘விருப்பப்படி எந்த இரண்டையும் எடுத்துக்கொள்க’ என்று படிப்பவர் பொருள்கொள்ள இடமுண்டு. தொடர் (2) அவ்வாறன்று. நிபந்தனை எச்சமாகிய ‘இருந்தால்’ என்பதன் முன் வரும் ‘ஏதேனும்’ இயல்பாக ‘ஓர் இணையாவது’ என்றே பொருள்படும். ‘ஏதேனும் ஒரு கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம்’ என்பதில் எல்லாக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும் என்று எவரும் கருதார். எனவே தொடர் (2) பொய்க்கூற்று. அதன்படி 3, 4, 9 என்பவையும் முக்கோணமாக வேண்டும்.

ஒரே சொல் பண்பைக் கூறும் தொடரில் தாங்கிக்கொள்ளத்தக்கதாகவும், அதன் மறுதலையைக் கூறும் தொடரில் பிழையாகவும் அமைவது மொழிபெயர்ப்பாளர் குறித்துக்கொள்ள வேண்டியதாகும். பாடநூலில் முதலில் பண்பும் அடுத்து அதன் மறுதலையும் வருவது முறை. முதல் தொடரின் சொற்களையே இரண்டாவதிலும் பெய்தால் பிழை புகுந்துவிடும்.

3. ‘எந்த … உம்’ என்னும் அமைப்பு

(3) எந்த இரு பக்கங்களின் கூடுதலும் மூன்றாம் பக்கத்தைவிட மிகுதி.

இதில் வினாவடியாகிய ‘எந்த’ என்பதும் உம்மையும் இணைந்து முழுமைப் பொருளைத் தருகின்றன. நன்னூல் உம்மைக்குக் கூறும் எட்டுப் பொருள்களுள் ‘முற்று’ என்பதோடு இது பொருந்தும். நிபந்தனைத் தொடரினுள் வந்தாலும் (‘கூடுதலும் … மிகுந்திருந்தால்’) முழுமைப் பொருள் நிலைக்கிறது.

ஆயினும் இவ்வமைப்பில் ஓர் இடர் உண்டு. உம்மை ‘எந்த’ என்பதை அடுத்தோ ‘பக்கங்கள்’ என்பதை அடுத்தோ வாராமல், பெயர்த்தொடரின் இறுதியாகிய ‘கூடுதல்’ என்பதோடு ஒட்டுகிறது. வினாச்சொல்லுக்கும் அதை முழுமைப்படுத்தும் உறுப்புக்கும் இடையே இரு சொற்கள் நிற்கின்றன. அச்சிலோ திருத்தத்திலோ உம்மை விடுபட்டால்,

(4) எந்த இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிட மிகுதி

என்றாகித் தேற்றம் வினாவாகிவிடும். ‘எந்த’ என்பதற்குப் பதிலாக ‘எல்லா’ என்று இட்டு ‘எல்லாப் பக்கங்களின் கூடுதலும்’ என்று எழுதுவதும் உதவாது. அது மூன்று பக்கங்களின் மொத்தச் சுற்றளவையே சுட்டும்.

கன்னடத்தில் இதே கருத்து ‘யாவுதே எரடு பாஹுகள மொத்தவு’ என்று தொடங்கும் அமைப்பால் கூறப்படும். அங்கு முழுமைப் பொருளைத் தரும் ஏகாரம் வினாச்சொல்லோடே ஒட்டிநிற்கிறது. ஆதலின் இறுதி உறுப்பு விடுபடும் இடர் அங்கில்லை. கன்னட மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றும் தமிழ் மொழிபெயர்ப்பாளர், வினாச்சொல்லிலேயே வேலை முடிந்துவிட்டதாகக் கருதி இறுதி உம்மையை மறக்கக்கூடும். தமிழ் ஏகாரம் இவ்விடத்தில் அப்பொருளைத் தாராது.

4. பழைய நூல்களின் வழிகள்

யூக்ளிடின் நூலில் முதற்பகுதியின் 20ஆம் தேற்றம் இப்பண்பைக் கூறுகிறது. 22ஆவது, கொடுக்கப்பட்ட மூன்று நீளங்களால் முக்கோணம் வரையும் முறையைக் கூறுகிறது. இது கழுதைக்கும் தெரிந்த செய்தி என எபிகூரியர் எள்ளியதாக 5ஆம் நூற்றாண்டினரான புரோக்ளஸ் குறித்துள்ளார். தீவனத்தை நோக்கி நேர்வழியில் செல்லும் விலங்குக்குச் சொல் தேவையில்லை, கூற்றாக்குபவருக்கே தேவை. கிரேக்க மூலம் ‘இரு பக்கங்கள்’ என்று மட்டும் கூறி நில்லாமல், ‘எவ்வகையில் எடுத்துக்கொண்டாலும்’ என்னும் பொருளுடைய அடையையும் சேர்க்கிறது. முழுமைப் பொருள் அவ்வடையில்தான் உள்ளது.

பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதி வேறு வழியை மேற்கொள்கிறது. நேர்பக்க உருவமொன்றில் ஒரு பக்கம், மற்றப் பக்கங்களின் கூடுதலுக்குச் சமமாகவோ அதனினும் மிகுதியாகவோ இருந்தால் அது ‘அக்ஷேத்திரம்’, அதாவது உருவமே அன்று என்கிறது. 3, 6, 9 என்னும் முக்கோணம் அங்குக் காட்டப்படும் சான்றுகளுள் ஒன்று. நீளங்களுக்கு ஒத்த குச்சிகளை இட்டுப் பார்த்து உணரலாம் என்பது அவர் தரும் விளக்கம். எதிர்மறையாகக் கூறுவதால் இங்கு ‘ஒரு பக்கம்’ என்னும் எளிய சொல்லே போதுமானதாகிறது. ‘சமமாகவோ’ என்பது வெளிப்படையாகக் கூறப்படுவதும் கருதத்தக்கது. தமிழில் ‘குறையாத’ என்பது சமநிலையை உள்ளடக்கும். ‘மிகுந்த’ என்பது உள்ளடக்காது. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கினால் 3, 6, 9 என்பவையும் முக்கோணமாகிவிடும்.

5. ஒரு பயன்பாடு

நேர்கோட்டுத் தொலைவில் பெங்களூருவிலிருந்து சென்னை ஏறத்தாழ 290 கி.மீ.; மைசூரு ஏறத்தாழ 127 கி.மீ.; சென்னைக்கும் மைசூருவுக்கும் இடையே ஏறத்தாழ 403 கி.மீ. முதலிரண்டின் கூடுதல் 417; ஆதலின் முக்கோணம் அமைகிறது. 403 என்பது 430 என்று தவறாக அச்சிடப்பட்டால் அத்தகைய மூன்று இடங்கள் ஒரு சமதளத்தில் இருக்கவே இயலாது. ‘ஏதேனும் இரண்டு’ என்று பொருள்கொண்டு சோதிப்பவர் 290+430 என்பதைக் கண்டு நிறைவடைவார்; பிழை தப்பிவிடும்.

நில அளவையில் இச்சிக்கல் எழாமைக்குக் காரணம் உண்டு. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகிலும் 1804இல் பெங்களூர் அருகிலும் அடிக்கோடுகளை அளந்தார். முதல் அடிக்கோட்டிலிருந்து முக்கோணத் தொடர் வழியாகக் கணித்த நீளமும், இரண்டாவதை நேரில் அளந்த நீளமும் சில அங்குலங்களே வேறுபட்டன. அங்கு ஒரு பக்கமும் கோணங்களும் அளக்கப்பட்டு, ஏனைய பக்கங்கள் அவற்றிலிருந்து கணிக்கப்பட்டன. மூன்று நீளங்களும் தனித்தனியே எழுத்தில் தரப்படும்போதுதான் நிபந்தனையைச் சோதிக்கும் தேவை எழுகிறது.

6. பரிந்துரைகள்

(5) எந்த இரு பக்கங்களைக் கூட்டினாலும் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிட மிகுதியாக இருக்கும்.

‘எந்த … ஆலும்’ என்னும் இவ்வமைப்பு பேச்சிலும் எழுத்திலும் இயல்பாக வழங்குவது. கிரேக்க அடையின் பொருளுக்கும் நெருக்கமானது. உம்மை வினையோடு சேர்ந்து ஒரே வடிவமாக நிற்பதால் விடுபடும் வாய்ப்புக் குறைவு. பண்பைக் கூற இது ஏற்றது.

(6) மிக நீண்ட பக்கம், மற்ற இரு பக்கங்களின் கூடுதலைவிடக் குறைவாக இருந்தால் முக்கோணம் அமையும், இல்லையேல் அமையாது.

நிபந்தனையைக் கூற இதுவே ஏற்றது. இதில் மயக்கம் தரும் அளவைச் சொல் இல்லை, சோதனையும் ஒன்றே. மிகப்பெரிய அளவு இரு பக்கங்களுக்குப் பொதுவாயின் அவற்றுள் எதைக் கொண்டாலும் முடிவு மாறாது.

இரு பக்கங்கள் தரப்பட்டு மூன்றாவதன் எல்லையைக் கூறும் இடத்தில் ‘முதல் … வரை’ என்பது எல்லைகளையும் உள்ளடக்கும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 5, 8 என்னும் பக்கங்களுக்கு மூன்றாவது ‘3 முதல் 13 வரை’ என்பது பிழை. ‘3க்கு மேல், 13க்குக் கீழ்’ என்பதே சரி. முழு எண்களில் மட்டும் கூறுவதாயின் ‘4 முதல் 12 வரை’ எனலாம்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: ‘ஏதேனும்’ என்னும் சொல் நிபந்தனைத் தொடருள் ‘சில’ என்னும் பொருளையே தருவதால் முக்கோண நிபந்தனைக்கு உதவாது; ‘எந்த … உம்’ பொருத்தமானதாயினும் உம்மையின் இருப்பை நம்பியே நிற்கிறது; ‘மிக நீண்ட பக்கம்’ என்னும் அமைப்பு இவ்விடர்களைத் தவிர்க்கிறது. கணித நூலை மொழிபெயர்ப்பவர் ஒரு தொடரை முடித்தவுடன், அத்தொடர் விலக்க வேண்டிய ஓர் எடுத்துக்காட்டை அதில் இட்டுப் பார்ப்பது நலம். 3, 4, 9 என்பவற்றையும் 3, 6, 9 என்பவற்றையும் விலக்காத எத்தொடரும் மூலத்தின் சொற்களைத் தந்திருக்கலாம். அதன் பொருளைத் தந்ததாகாது.