‘அப்ரூவ்டு மனை’யா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் உஷார்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்து அழைத்துப் போகிறது. போக வர இலவசம், மதியம் பிரியாணி, அன்றைக்கே புக் செய்தால் தங்கக் காசு. நெடுஞ்சாலை ஓரத்தில் புது ஆர்ச், கல் நட்ட மனைகள், வரிசையாகக் கொடிகள். கையில் திணிக்கப்படும் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ‘அப்ரூவ்டு’. இந்த ஒற்றை வார்த்தையை நம்பித்தான் பி.எஃப். பணமும் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமும் கைமாறுகின்றன.

தயவுசெய்து நிறுத்துங்கள். ஒப்புதல் கொடுத்தது யார்? எதற்குக் கொடுத்தார்கள்? அது இன்றைக்கும் செல்லுமா? இந்த மூன்றுக்கும் காகிதத்தில் பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒப்புதல் யார் கையில்?

தமிழ்நாட்டில் மனைப்பிரிவுகளைக் கட்டுப்படுத்துவது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). லேஅவுட் வரைபடத்தைப் பரிசீலித்து முதலில் இவர்கள் தொழில்நுட்ப ஒப்புதல் தருவார்கள். பிறகு சாலைகளையும் பூங்கா இடத்தையும் மனைப்பிரிவு போட்டவர் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் இறுதி ஒப்புதல். இந்த வரிசையில் பாதி வழியில் நிற்கும் லேஅவுட்தான் பல நோட்டீஸ்களில் ‘அப்ரூவ்டு’ ஆகிவிடுகிறது.

நோட்டீஸில் இந்த வார்த்தைகளைப் பார்த்தால்…

‘டி.டி.சி.பி. அப்ளைடு’, ‘அப்ரூவல் விரைவில்’: மனு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மனு தள்ளுபடி ஆகலாம். மனை எண்களும் சாலைகளும் மாறிப்போகலாம். நீங்கள் பணம் கட்டிய 24-ஆம் நம்பர் மனை இறுதி வரைபடத்தில் சாலையாக இருக்கலாம்.

‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’: மிக ஆபத்தானது இதுதான். டி.டி.சி.பி.யின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவர் மட்டும் கையெழுத்தும் முத்திரையும் போட்ட லேஅவுட் வரைபடம் சட்டப்படி செல்லாது.

‘பேங்க் அப்ரூவ்டு’: கடன் தர ஒரு வங்கி தன் அளவில் தயார் என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. எந்த வங்கி, எந்தக் கிளை என்று கேளுங்கள். அங்கே நேரில் போய் விசாரியுங்கள்.

‘ரேரா அப்ரூவ்டு’: ரேரா என்பது கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம். அங்கே நடப்பது திட்டப் பதிவு. லேஅவுட் ஒப்புதல் வேறு, இது வேறு, இரண்டும் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை இந்தப் பதிவு இல்லாமல் விளம்பரம் செய்வதே தவறு. பதிவு எண் இல்லாத நோட்டீஸை நம்பாதீர்கள்.

‘ரினியூவல் ஆகிக்கொண்டிருக்கிறது’: ரேரா பதிவுக்குக் காலக்கெடு உண்டு. இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களைத் தவிர, மொத்தமாக ஓராண்டுக்கு மேல் நீட்டிப்பு தர முடியாது என்கிறது சட்டம். நீட்டிப்பு ஆணையைக் காட்டச் சொல்லுங்கள்.

‘பட்டா ரெடி, பத்திரம் ரெடி’: பட்டா வருவாய்த்துறை தருவது. அதில் பெயர் இருப்பதால் லேஅவுட்டுக்கு ஒப்புதல் கிடைத்ததாக ஆகாது. பத்திரப்பதிவும் அப்படித்தான். ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவான இடத்தை மறுபடி பதிவு செய்ய விதிவிலக்கு இருக்கிறது. அதனால் ஒப்புதல் இல்லாத பழைய மனையும் பதிவாகிவிடும்.

2016-ஐ மறந்துவிடாதீர்கள்

2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே நாளில் மனை வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவசரத்துக்கு விற்க முடியவில்லை, மகனுக்கு எழுதி வைக்கவும் முடியவில்லை. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. ஆனால் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான் அது. அதற்குப் பிறகு ஒப்புதலின்றிப் போட்ட லேஅவுட்டில் வாங்குகிறவருக்கு அந்தக் கதவு திறக்காது. ‘அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்’ என்று ஏஜென்ட் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் இல்லாத மனையில் வீடு கட்ட வரைபட அனுமதி கேட்டாலும் சிக்கல், வீட்டுக்கடன் கேட்டாலும் சிக்கல்.

அட்வான்ஸுக்கு முன் செய்ய வேண்டியவை

1. ஒப்புதல் ஆணையின் நகலையும், அலுவலக முத்திரையுள்ள லேஅவுட் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். ஆணை எண், தேதி, கிராமம், சர்வே எண் நான்கையும் குறித்துக்கொண்டு சி.எம்.டி.ஏ. அல்லது மாவட்ட டி.டி.சி.பி. அலுவலகத்தில் சரிபாருங்கள்.

2. உங்களுக்குக் காட்டும் மனை அந்த வரைபடத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஃபேஸ் 1’ வாங்கிய ஒப்புதல் எண்ணைப் போட்டு ‘ஃபேஸ் 2’ விற்பது பழைய தந்திரம். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மனையாக்கி விற்பதும் நடக்கிறது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாலையின் அகலத்தை டேப் பிடித்து அளந்து பாருங்கள். காகிதத்தில் 30 அடி, தரையில் 20 அடி என்றால் மீதி எங்கே போனது என்று கேளுங்கள்.

3. தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தின் இணையதளத்தில் ரேரா எண்ணைத் தேடுங்கள். திட்டத்தின் பெயர், நிறுவனம், சர்வே எண், முடியும் தேதி எல்லாம் நோட்டீஸோடு ஒத்துப்போக வேண்டும்.

4. ரேராவில் பதிவான திட்டத்தில், விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல் மனை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. ரொக்கமாகக் கேட்டால் விலகிவிடுங்கள்.

5. லேஅவுட் ஒப்புதல் இருப்பதால் நிலம் விற்பவருக்குச் சொந்தம் என்று ஆகிவிடாது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை உங்கள் சொந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பவர் கைகாட்டும் வழக்கறிஞர் வேண்டாம்.

பணம் கொடுத்துவிட்டீர்களா?

அடுத்த தவணையைக் கட்டும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் போட்டு நஷ்டப்பட்டவர் திட்டத்திலிருந்து விலகினால், முழுத்தொகையையும் வட்டியோடும் இழப்பீட்டோடும் திருப்பித் தர வேண்டும் என்கிறது ரேரா சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அதற்கு உங்கள் சாட்சி அந்த நோட்டீஸ்தான். பத்திரமாக வையுங்கள், ரேராவில் புகார் கொடுக்க வேண்டியதை இன்றே செய்யுங்கள்.