கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமா? ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள்

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் பதிவு செய்வதற்கான கெடு நெருங்கிவிட்டது. வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றுதான்: ‘கிண்டியை முதலில் போட்டால், கிடைக்கிற கல்லூரியும் கைநழுவிப் போய்விடுமா?’ கட்-ஆஃப் கணக்கும் தரவரிசையும் இந்நேரம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாகியிருக்கும். நேரே விஷயத்துக்கு வருவோம்.

போகாது. இடம் ஒதுக்கும் மென்பொருள் ஒவ்வொரு மாணவராக, தரவரிசைப்படியே பார்க்கிறது. உங்கள் தரவரிசை 9,000 என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் முதலில் கிண்டி பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல், இரண்டாவது குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஐ.டி., மூன்றாவது ஊர்ப்பக்கத்துக் கல்லூரியில் கணினி அறிவியல். உங்களுக்கு முன்னால் இருப்பவர்களின் கணக்கை முடித்த பிறகே உங்கள் பட்டியல் திறக்கும். கிண்டியில் பொதுப் பிரிவில் இடம் உண்டா? இல்லை. உங்கள் சமூகப் பிரிவில்? இல்லை. எம்.ஐ.டி.யிலும் இல்லை. மூன்றாவதில் இருக்கிறது, அது உங்களுக்கு. 9,001-ஆவது மாணவர் அதே கல்லூரியை முதல் விருப்பமாகவே போட்டிருந்தாலும் உங்களை முந்த முடியாது. கிண்டியை எழுதியதால் ஒரு நஷ்டமும் இல்லை. எழுதாமல் விட்டிருந்தால், அங்கே ஓர் இடம் மிச்சம் இருந்தாலும் உங்களுக்கு வராது.

காசு வாங்கிக்கொண்டு பட்டியல் போட்டுத் தரும் ஆலோசகர்கள் இதைச் சொல்வதில்லை. ‘உங்க மார்க்குக்கு இதெல்லாம் வேஸ்ட்’ என்று மேலே இருப்பதை அடித்துவிடுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது போன வருஷத்துக் கட்-ஆஃப். அது கடைசியாக இடம் பிடித்தவரின் மதிப்பெண், அவ்வளவுதான். இந்த ஆண்டுக்கு யாரும் விதித்த வரம்பல்ல. இடங்கள் கூடினால் அது இறங்கும். ஒரு பாடப்பிரிவுக்கு 240 இடம் என்றிருந்த உச்சவரம்பை, சிறப்பாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டது. இடங்களைக் கூட்ட அனுமதி வந்த வேகத்தில் பேராசிரியர்களும் வந்தார்களா என்பதைக் கல்லூரிக்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ‘ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்’, ‘ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன்’ என்பவை உள்ளிட்ட சில வாய்ப்புகள் திரையில் வரும். பலர் இரண்டாவதைத்தான் அழுத்துகிறார்கள். கையில் ஒன்று இருக்கும், நல்லது வந்தால் வரட்டும் என்ற எண்ணம். ஆனால் மேலே ஓர் இடம் காலியானால், ‘வேண்டுமா?’ என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது உங்களுக்குப் போய்விடும். கையில் இருந்தது தரவரிசையில் பின்னால் இருப்பவருக்குப் போய்விடும். பன்னிரண்டாவது விருப்பம் கிடைத்து மனநிறைவோடு இருப்பவர், ‘சும்மா இருக்கட்டும்’ என்று ஐந்தாவதாக எழுதிய தூரத்துக் கல்லூரிக்கு இப்படித்தான் போய்ச் சேர்கிறார். அதிகாரிகள் இதை ‘வெளிப்படையான நடைமுறை’ என்கிறார்கள். விதி வெளிப்படைதான், அழுத்துகிறவருக்கு அது புரிந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மற்ற கேள்விகள்:

கணினி அறிவியலா, ஐ.டி.யா? பாடங்கள் பெருமளவு ஒன்றே. வேலைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஏ.ஐ., டேட்டா சயின்ஸ்? அடிப்படைப் பாடங்கள் அங்கேயும் அவைதான். அரசு வேலை நோக்கமென்றால், அறிவிப்புகளில் அந்தப் பட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘100% பிளேஸ்மென்ட்’? எத்தனை பேரில் என்று கேளுங்கள். அரியர் வைத்தவர்களும் பதிவு செய்யாதவர்களும் பல கல்லூரிகளின் கணக்கில் வருவதில்லை.

‘ஆறு லட்சம் பேக்கேஜ்’? அதில் நிறுவனம் செலுத்தும் பி.எஃப்., ஊக்கத்தொகை எல்லாம் அடக்கம். மாதம் கைக்கு ஐம்பதாயிரம் வராது.

என்.பி.ஏ. அங்கீகாரம்? பாடப்பிரிவுக்குத் தரப்படுவது, கல்லூரி முழுமைக்கும் அல்ல. காலாவதித் தேதியும் உண்டு.

மென்பொருள் வேலைக்கு இந்தப் படிப்பு கட்டாயமா? இல்லை; பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் மெக்கானிக்கல், இ.சி.இ. மாணவர்களையும் எடுத்து வந்திருக்கின்றன.

ஐ.டி. கம்பெனியைத் தவிர? கேட் எழுதி எம்.டெக்., இஸ்ரோவில் கணினிப் பிரிவு விஞ்ஞானி, வங்கிகளில் ஐ.டி. அதிகாரி.

ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு கல்லூரிகள்? பெயரை நம்பாதீர்கள், கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள்.

கெடு முடிவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டைக் காட்டி, ‘ரெண்டும் கிடைச்சா எதுல சேருவே?’ என்று பிள்ளையிடம் கேளுங்கள். கீழே இருப்பதைச் சொன்னால் இடம் மாற்றுங்கள். இரண்டுமே வேண்டாம் என்றால் இரண்டையும் அடித்துவிடுங்கள். கெடு முடிந்துவிட்டால் வரிசையை மாற்ற வழியில்லை.