ரெண்டு வேளைக்குக் குடுங்க (வடசென்னையின் உடல்நலம் – 11)

வளரிளம் பருவம் என்பது 10 முதல் 19 வயது வரை, இளையோர் என்பது 24 வரை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் இந்த வயதுக்கென்று தனி வாசல் கிடையாது. தமிழ்நாட்டில் குழந்தைகள் நலப் பிரிவு 12 வயதோடு முடிந்துவிடுகிறது. 13 வயதுப் பையன் பொது மருத்துவப் பிரிவில், தாத்தா வயதுக்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தேடிப் பிடித்துப் பரிசோதிக்கும் தேசியத் திட்டமோ 30 வயதில்தான் தொடங்குகிறது.

இந்த இடைவெளிக்காக 2014 ஜனவரியில் தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் வந்தது. திட்டத்தின் பெயர் மாணவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்; வாரம் ஒருமுறை வகுப்பில் தரப்படும் நீல மாத்திரை தெரியும். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டது அது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. மாத்திரை தேவைதான். ஆனால் வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், வயிறு வலிக்கும், மலம் கறுக்கும். இதை முன்கூட்டியே சொல்லாத வகுப்பில் மாத்திரை ஜன்னல் வழியே வெளியே போகும். ஆபத்து மறுபக்கத்திலும் உண்டு. 2023 மார்ச்சில் உதகமண்டலத்துப் பள்ளி ஒன்றில் மாணவர்கள் போட்டி போட்டுக்கொண்டு இந்த மாத்திரைகளை விழுங்கியதில் 13 வயது மாணவி ஒருவர் இறந்தார். 40 கிலோ எடையுள்ள பிள்ளை 40 மாத்திரைகளை விழுங்கினால், கிலோவுக்கு 60 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. கல்லீரலைச் செயலிழக்கச் செய்ய அது போதும். சத்து மாத்திரை என்ற பெயரே பிள்ளைகளை ஏமாற்றிவிடுகிறது.

பள்ளிக்கு வெளியே மருந்து என்றால் மெடிக்கல்தான். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் விடிவதற்கு முன்பே இயங்கத் தொடங்கிவிடுகிறது. திருவொற்றியூர், எண்ணூர் கன்டெய்னர் யார்டுகளில் ஒப்பந்த வேலைக்குப் போகும் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டான்லி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவோ காலை நேரத்துக்கு உரியது. அங்கே போய்ச் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வரிசையில் நின்று திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் வேலைக்குப் போகிற வழியில், மருந்துக்கடைக் கண்ணாடி மேஜையின் முன் நின்று, “காய்ச்சல், உடம்பு வலி, ரெண்டு வேளைக்குக் குடுங்க” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அட்டையிலிருந்து வெட்டிய நாலைந்து மாத்திரைகள் சின்னக் காகித உறையில் வரும். மருந்தின் பெயர், காலாவதி நாள், மருத்துவர் சீட்டு வேண்டும் என்று எச்சரிக்கும் சிவப்புக் கோடு எல்லாம் வெட்டப்படாத மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும்.

அந்த உறைக்குள் பாராசிட்டமால் மட்டும் இருந்தால் பெரிய கேடில்லை. பல நேரங்களில் ஓர் ஆன்டிபயாட்டிக்கும், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு காய்ச்சலையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும். கடைக்காரர் கைராசிக்காரர் என்ற பெயரும் கிடைக்கும். வளரும் வயதில் அதைத் தொடர்ந்து தின்றால் உயரம் தடைபடும், முகம் ஊதும், சர்க்கரை ஏறும். கடற்கரை ஈரத்தில் வரும் படர்தாமரைக்கும் முகம் வெளுக்கவும் பூசப்படும் களிம்புகளில் பலவும் இதே ஸ்டீராய்டு வகைதான். 2018 மார்ச்சில் மத்திய அரசு அவற்றில் பெரும்பாலானவற்றை மருத்துவர் சீட்டு கட்டாயமான எச் அட்டவணையில் சேர்த்தது. அதைவிடக் கடுமையான எச்1 அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலுள்ள மருந்தை விற்றால் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். உயர்வகை ஆன்டிபயாட்டிக்குகளும் தூக்க மாத்திரைகளும் காசநோய் மருந்துகளும் இதில் அடங்கும். சட்டத்தில் குறையில்லை. வெட்டிக் கொடுக்கும் மாத்திரைக்குப் பதிவேடு யார் எழுதுவது என்பதில்தான் சிக்கல்.

எண்ணூர்ப் பக்கம் இந்த வியாபாரத்தில் வீசிங்குக்குத் தனி இடம் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரத்து மாடிகளில் கரித்தூள் குறைந்தது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம் மாறியது. அனல்மின் நிலையங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரிகள் இவற்றோடு அதுவும் சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடற்கரையில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, ஊரே வீட்டை விட்டு ஓடியது. மூச்சுத் திணறலோடு பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இப்படிப்பட்ட காற்று இன்னும் எளிதில் இளைப்பை வரவழைக்கும்.

இன்ஹேலர் என்றால் பெற்றோருக்குத் தயக்கம்: பழகிவிடும், பெரிய நோய்க்காரர் வைத்துக்கொள்வது, பெண் பிள்ளை என்றால் கல்யாணத்துக்குத் தடை. மாத்திரை ‘லேசானது’ என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. கணக்கு அதற்கு நேரெதிர். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். மாத்திரையில் இருப்பது 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது இருபது முதல் நாற்பது மடங்கு. அதனால்தான் மாத்திரை தின்ற பையனுக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இன்ஹேலரிலும் ஒரு திருத்தம் உண்டு. உடனடி நிவாரண மருந்தை மட்டும் தனியாகத் தருவதை உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2019இல் கைவிட்டது. அழற்சியைக் குறைக்கும் மருந்தும் கூடவே போக வேண்டும். மூச்சு சீரானதும் அதை நிறுத்திவிடுவது வளரிளம் பருவத்தில் சாதாரணமாக நடப்பது. நண்பர்கள் முன்னால் இன்ஹேலரை வாயில் வைக்க எந்தப் பத்தாம் வகுப்புப் பையனும் விரும்புவதில்லை.

பெண்களின் மருந்துகளுக்கு வந்தால் கடையின் போக்கு விசித்திரமாக இருக்கிறது. கோயில் திருவிழா, வீட்டுக் கல்யாணம் என்று சொல்லி, மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டால் உடனே கிடைக்கும். அது நாரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன். மருத்துவரைக் கேட்டு, கால்களில் இரத்தக்கட்டு, கல்லீரல் நோய் போன்றவை உண்டா என்று பார்த்துத் தரவேண்டியது. அம்மாவே பெண்ணுக்கு வாங்கித் தருவார். யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் அவசரக் கருத்தடை மாத்திரையான லெவோநார்ஜெஸ்டிரல் 2005 முதல் நாட்டில் சீட்டு இல்லாமலே விற்கக்கூடியது, அரசின் குடும்ப நலத் திட்டத்திலேயே இருப்பது. தமிழ்நாட்டுக் கடைகளில் அது பல ஆண்டுகளாக அரிது. தடை எதுவும் இல்லை என்றே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிவந்திருக்கிறது. கடைக்காரர்களோ ‘அதெல்லாம் வைக்கிறதில்ல’ என்று முடித்துக்கொள்கிறார்கள். அதைக் கருக்கலைப்பு மாத்திரையோடு குழப்பிக்கொள்வது ஒரு காரணம். உண்மையில் அது கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது. உருவாகிவிட்ட கருவை ஒன்றும் செய்யாது. 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், இரண்டு நாள் தேடி அலைந்து கிடைக்கும் மாத்திரைக்குப் பாதிப் பயன்தான். சீட்டு வேண்டிய ஹார்மோன் கேட்டவுடன் கிடைப்பதும், சீட்டு வேண்டாத ஹார்மோன் கேட்டும் கிடைக்காததும் ஒழுக்கக் கணக்கே தவிர மருத்துவக் கணக்கு அல்ல.

கருவுற்ற பின் வழி இன்னும் குறுகுகிறது. 18 வயதுக்குக் குறைந்த பெண் என்றால் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பயத்தில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மகப்பேறு மருத்துவமனையைத் தவிர்த்து, எங்கோ கிடைத்த மாத்திரையைத் தின்று இரத்தப்போக்கோடு வந்து சேரும் நிலை உருவாகிறது. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29ஆம் தேதித் தீர்ப்பில் இதற்கு ஒரு வழி செய்தது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவளது பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை. மணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரை கருக்கலைப்பு உரிமை உண்டு என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.

வடசென்னை இளைஞர்களைப் பற்றிய செய்திகளில் இன்று அதிகம் அடிபடுவது ‘போதை மாத்திரை’. பெரும்பாலும் அது டாபென்டடால். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி, புற்றுநோய் வலி போன்ற கடும் வலிக்கு உரிய ஓபியாய்டு வகை மருந்து. மார்ஃபின் வேலை செய்யும் இடத்தில்தான் இதுவும் வேலை செய்கிறது. ஓபியாய்டு வகையைச் சேர்ந்த டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. உள்ளூர்க் கடைகளில் கெடுபிடி அதிகமானதும் டாபென்டடால் அட்டைகள் வெளிமாநிலங்களிலிருந்து ரயிலிலும் கூரியரிலும் வரத் தொடங்கின. வடசென்னையின் பெயரோடு மட்டும் இதை ஒட்டவைப்பது பத்திரிகைகளுக்கும் சினிமாவுக்கும் வசதி. தென்சென்னையிலும் மற்ற மாவட்டங்களிலும் இதே மாத்திரைகள் பிடிபட்டிருக்கின்றன.

மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுவதுதான் இதில் பெருங்கேடு. வாய்வழி உண்பதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தைவிட டால்க், மாவு, செல்லுலோஸ் போன்ற நிரப்புப் பொருள்கள் அதிகம். அவை தண்ணீரில் கரையாதவை. நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். இதய வால்வில் தொற்று உண்டாகும். தவறுதலாகத் தமனியில் ஏறினால் விரல்களோ கையோ அழுகும். அளவு மிஞ்சினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். நாலோக்சோன் என்ற முறிமருந்து நேரத்துக்குக் கிடைத்தால் காப்பாற்றலாம். ஆனால் கூட இருந்தவர்கள் போலீசுக்குப் பயந்து ஓடிவிடுவதால் அந்த நேரம் வீணாகிறது.

இது முதல்முறை அல்ல. 1980களில் பிரவுன் சுகர் சென்னைக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அதைப் புகைத்தவர்களில் பலர் விலை குறைந்த பூப்ரினார்ஃபின் ஊசிக்கு மாறினார்கள். அதுவும் மருந்துக்கடை வலி நிவாரணிதான். ஊசியைப் பகிர்ந்துகொண்டதன் விளைவு அடுத்த பத்தாண்டில் தெரிந்தது. 2005–06இல் சென்னையில் ஊசி போட்டுக்கொள்ளும் 1,158 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியபோது, நான்கில் ஒருவருக்கு மேல் எச்.ஐ.வி. தொற்றும், பாதிக்கு மேற்பட்டோருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றும் இருப்பது தெரியவந்தது. பின்னர் அதே பூப்ரினார்ஃபின், நாக்கடியில் வைக்கும் மாத்திரையாக, ஆளின் கண் முன்னே தினமும் கொடுக்கப்படும் மாற்று மருந்தாகத் திரும்பி வந்தது. கடையில் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டபோது நோயைப் பரப்பியது, மருத்துவ மேற்பார்வையில் ஊசியை நிறுத்தப் பயன்படுகிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவு வழக்கில் சிக்கியவர் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. முதல் ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணும், மாநில அரசின் 104ம் உள்ளன.

இந்தப் பகுதியின் இளையோருக்கு மருந்தால் கிடைத்த பெரிய நன்மையும், மருந்தால் நேரக்கூடிய பெரிய கேடும் சந்திக்கும் இடம் காசநோய். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த சோதனையில் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வுமாக இருந்தது. மற்றது நெரிசலான வீடுகளிலேயே இருந்து மாத்திரை தின்றது. ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு குணமடைந்தன. வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்று அபாயம் கூடவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. நோயாளிகள் மாத்திரையைச் சரியாகத் தின்கிறார்களா என்று அறியச் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணியதும், சிறுநீரைச் சோதித்ததும் அந்த ஆய்வின் கெட்டிக்காரத்தனம்.

அந்தக் கவலை இன்றும் தீரவில்லை. சாதாரணக் காசநோய்க்கு இப்போது ஆறு மாதம், தினமும், எடைக்கு ஏற்ற கூட்டு மாத்திரை. ஒரு மாதத்தில் காய்ச்சல் நிற்கும், பசி எடுக்கும், எடை ஏறும். இருபது வயதுக்காரருக்கு நோய் போய்விட்டதாகவே தோன்றும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். சொல்லாமல் விட்டால் பயந்து நிறுத்துவார்கள். மதுவும் ஐசோனியசிடும் சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படும். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும் என்பது புதிதாக மணமான பெண்களுக்கு அவசியம் சொல்லப்பட வேண்டியது. பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான். மாதா மாதம் வங்கிக் கணக்கில் வரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது. கணவன் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரை தின்னும் பெண்ணுக்கு, அந்தக் கணக்கின் குறுஞ்செய்தியே தொல்லையாகலாம்.

மெடிக்கல் உறைக்கும் காசநோய்க்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அது அரசு மையங்களில் இலவசம். அதற்குப் பதிலாக ஐந்து நாளைக்கு லெவோஃப்ளாக்சசின் வாங்கித் தின்றால் இருமல் கொஞ்சம் தணியும். ஃப்ளோரோகுயினலோன் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியை ஓரளவு அடக்கக்கூடியவை, முழுதாக அழிக்காது. அதனால் நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகிறது, கிருமியும் அந்த மருந்தை எதிர்க்கப் பழகுகிறது. மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு 2024 செப்டம்பரில் இந்தியா ஏற்றுக்கொண்ட புதிய சிகிச்சையில் பெடாகுயிலின், பிரெட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என நான்கு மருந்துகள். முன்பு ஒன்பது மாதம் முதல் இருபது மாதம் வரை இழுத்த சிகிச்சை இப்போது ஆறு மாதத்தில் முடிகிறது. உலக சுகாதார நிறுவனம் 14 வயது முதல் இதைத் தரலாம் என்கிறது. நான்காவதான மாக்ஸிஃப்ளாக்சசின், இருமலுக்குக் கடையில் வெட்டித் தரப்படும் லெவோஃப்ளாக்சசினின் அதே குடும்பம். கிருமி அந்தக் குடும்பத்தை எதிர்க்கப் பழகிவிட்டால் நான்காவது மருந்தை விட்டுவிட்டு மீதி மூன்றைக் கொண்டே சிகிச்சையை நடத்த வேண்டியிருக்கும்.

(தொடரும்)