ஆழத்து வெள்ளிக்காசுக்கு எந்தக் காயில்?

மெட்டல் டிடெக்டர் வாங்கிக் கொஞ்சம் பழகியவுடன் பலருக்கும் வரும் ஆசை ஒன்று உண்டு. டிடெக்டரின் நுனியில் தரைமேல் வீசும் தட்டுதான் காயில்; இன்னும் பெரிய காயிலாக மாட்டினால் இன்னும் ஆழத்தில் இருக்கும் வெள்ளிக்காசு கிடைக்குமே என்பதுதான் அந்த ஆசை. ஆசையில் பாதி நியாயம். மீதிப் பாதியால் காயில் விற்பவருக்குத்தான் லாபம். எந்த நிலத்தில் எது பலிக்கும் என்பதை அமெரிக்காவின் பழைய நகரப் பூங்காக்களை வைத்துப் பார்க்கலாம். அங்கே எது வெள்ளிக்காசு, எது இல்லை என்பதைக் காசில் உள்ள ஆண்டே சொல்லிவிடும்.

1964 வரை ஆண்டு பொறித்த 10 சென்ட், 25 சென்ட், அரை டாலர் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. (இரண்டாம் உலகப் போர்க் காலத்து 5 சென்ட்டிலும் கொஞ்சம் வெள்ளி உண்டு, அது தனிக்கதை.) 1965-ல் வந்த நாணயச் சட்டம் 10, 25 சென்ட் காசுகளிலிருந்து வெள்ளியை அறவே எடுத்துவிட்டது. அரை டாலரில் மட்டும் 40 சதவீதமாகக் குறைத்து 1970 வரை விட்டுவைத்தார்கள். ஆகவே புல்தரையில் விழுந்து கிடக்கும் வெள்ளிக்காசு பெரும்பாலும் அரை நூற்றாண்டுக்கு மேல் மண்ணுக்குள் இருந்ததாகத்தான் இருக்கும்.

இத்தனை காலத்தில் காசு கீழே போவது அதன் எடையால் மட்டும் அல்ல. 10 சென்ட்டின் எடை இரண்டரை கிராம்தான். மண்புழுக்கள் அடியிலிருந்து மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து தள்ளுகின்றன. மேலே கிடந்த பொருள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. சார்லஸ் டார்வின் இதை அளந்தே பார்த்தார். 1842-ல் தம் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பினார். 29 ஆண்டு கழித்து 1871-ல் குழி வெட்டிப் பார்த்தபோது அந்த வெள்ளைக் கோடு 7 அங்குல ஆழத்தில் இருந்தது. எல்லா மண்ணிலும் இந்த வேகம் இருக்காது. அடியில் கப்பிக்கல் போட்ட இடத்தில் காசு அதன்மேலேயே நின்றுவிடும். ஆற்று வெள்ளம் வண்டல் கொட்டும் இடத்தில் இன்னும் கீழே போகும். பூங்காக்களில் தேடுபவர்கள் ‘ஆழம்’ என்று பேசுவது பெரும்பாலும் 6 முதல் 10 அங்குலம் வரைதான். ஒரு முழம்கூட இல்லை.

இனி காயில். காயிலுக்குள் அனுப்பும் சுருள் ஒன்று, வாங்கும் சுருள் ஒன்று. அனுப்பும் சுருளில் மாறும் மின்னோட்டம் பாய, அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. வழியில் காசு இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சின்னஞ்சிறு புலத்தை வாங்கும் சுருள் பிடிக்கிறது. சிக்கல் தூரத்தில் இருக்கிறது. காயிலின் ஆரத்தைவிட ஆழம் நன்றாகக் கூடிவிட்டால், போகும் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. திரும்பி வரும் புலமும் அப்படியே. இரண்டும் சேர்ந்து ஆறாம் அடுக்கு. காசு இரண்டு மடங்கு ஆழத்துக்குப் போனால் திரும்பி வரும் சமிக்ஞை 64-ல் ஒரு பங்கு ஆகிவிடும். டிடெக்டரின் சக்தியைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தாலும் ஆழம் ஏன் பெரிதாகக் கூடுவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

பெரிய காயில் இங்கே உதவுகிறது. ஆரம் பெரிதாக இருப்பதால் அதன் புலம் அவ்வளவு சீக்கிரம் சரிவதில்லை. ஒரே மின்னோட்டம், ஒரே எண்ணிக்கைச் சுற்றுகள் என்று வைத்து 11 அங்குல, 15 அங்குல வட்டக் காயில்களைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 செ.மீ. ஆழத்தில் பெரிய காயிலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சமிக்ஞை வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆறாம் அடுக்கு இங்கேயும் குறுக்கே நிற்கிறது: இரண்டு மடங்கு சமிக்ஞை கூடுதலாகத் தரும் ஆழம் நாலைந்து செ.மீ.தான். மறுபக்கம், 5 செ.மீ. ஆழத்தில் உள்ள பொருளுக்குப் பெரிய காயிலின் சமிக்ஞை மூன்றில் ஒரு பங்கு குறைந்தே போகிறது. மேலாகக் கிடக்கும் சின்னப் பொருளை அது சற்று மந்தமாகவே பார்க்கும்.

இந்த நாலைந்து செ.மீ.யும் சுத்தமான, சாதுவான மண்ணில்தான். மண்ணில் இரும்பு ஆக்சைடுகள், குறிப்பாக மேக்னடைட் இருந்தால் மண்ணே ஒரு சமிக்ஞை தரும். பெரிய காயில் கூடுதல் காசைப் பார்ப்பதற்கு முன் கூடுதல் மண்ணைப் பார்க்கிறது. வர்ஜீனியாவின் கல்பெப்பர் பகுதிச் செம்மண் இதற்குப் பேர்போனது. அங்கே நல்ல டிடெக்டர்கள்கூட ஆழத்துப் பொருளை இரும்பு என்று பொய் சொல்லும். அத்தகைய மண்ணில் காயிலைச் சிறிதாக்கி, சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) குறைத்து வைத்தால் ஆழம் கூடுவதையும் பார்க்கலாம். முதலில் நம்பக் கடினமாக இருக்கும். மண்ணின் இரைச்சல் அடங்கினால்தான் காசின் ஒலி கேட்கும் என்பதால் இப்படி நடக்கிறது.

மண்ணைவிடப் பெரிய எதிரி ஆணி. நூறு ஆண்டுப் பூங்காவில் துருப்பிடித்த ஆணி, சோடா மூடி, டின் வளையம் என்று ஒரு அடுக்கே கிடக்கும். அவற்றின் கீழோ பக்கத்திலோ வெள்ளிக்காசு இருந்தால், பெரிய காயில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ‘இரும்பு’ என்று தள்ளிவிடும். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாதது போலத்தான். 6 அங்குலக் காயில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே நுழைந்து பார்க்கும். அதன் ஆழம் குறைவுதான். ஆனால் பலர் தேடிப் போன பூங்காவில் மிஞ்சியிருக்கும் காசுகளில் நிறையவும் ஆழத்தால் தப்பியவை அல்ல, ஆணியின் மறைவில் தப்பியவை என்பது என் எண்ணம். காசு எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று யோசிப்பதற்கு முன் அதற்கு மேலே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். காயிலின் அளவு அதிலிருந்தே தெரிந்துவிடும்.

வடிவத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் வைத்த கான்சென்ட்ரிக் காயில் கூம்பு வடிவில் கீழே பார்க்கும். பொருள் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகக் காட்டும். சாதுவான மண்ணில் நன்றாகவே ஓடும். இரண்டு ‘டி’ எழுத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவைத்தாற்போல் இருப்பது டபுள் டி. முன்னிருந்து பின்னாக ஒரு மெல்லிய பட்டையாகப் பார்ப்பதால் கனிமம் மிகுந்த மண்ணைத் தாங்கும். அடுத்தடுத்துக் கிடக்கும் பொருள்களைப் பிரித்துக் காட்டும். இன்று விற்கும் நல்ல டிடெக்டர்களில் பெரும்பாலும் இதுதான் வருகிறது.

காயிலில் பாயும் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணும் கணக்கில் வரும். வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். 25 சென்ட், அரை டாலர் போன்ற கனத்த காசுகளுக்குக் குறைந்த அதிர்வெண் ஒத்துவரும். இங்கிலாந்து வயல்களில் கிடைக்கும், சுத்தியலால் அடித்த மெல்லிய இடைக்கால வெள்ளிப் பென்னிகளுக்குச் சற்று உயர்ந்தது வேண்டும். பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் டிடெக்டர்கள் வந்தபின் இந்தக் கவலை குறைந்துவிட்டது. ஒன்றை மறக்கக்கூடாது: காயில் அந்தந்த டிடெக்டருக்கென்றே செய்யப்பட்டது. ஒரு கம்பெனியின் காயிலை இன்னொன்றில் செருகிப் பார்க்க முடியாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளும் பல நேரம் முடியாது.

மைன்லேப் எக்குவினாக்ஸ் 800-ஐ எடுத்துக்கொள்வோம். அதோடு வருவது 11 அங்குல டபுள் டி; தனியாக வாங்க 6 அங்குலமும், 15-க்கு 12 அங்குல நீள்வட்டமும் உண்டு. இரண்டாவது காயில் வாங்கப் பணம் இருந்தால், பழைய நகரப் பூங்காக்களில் தேடுபவருக்கு 6 அங்குலத்தைத்தான் சொல்வேன். குப்பை குறைந்த திறந்த மைதானம், உழுத வயல், பழைய சந்தைத் திடல் என்றால் பெரியது. அங்கேயும் அதன் முதல் பயன் கூடுதல் ஆழம் அல்ல, ஒரே வீச்சில் அதிக நிலத்தைப் பார்த்துவிடலாம் என்பதுதான். மணிக்கணக்கில் வீசினால் அதன் எடை தோளில் தெரியும்.

எந்தக் காயிலானாலும் அதைத் தரையை ஒட்டி வீச வேண்டும். புல்லுக்கு மேலே மூன்று செ.மீ. தூக்கிப் பிடித்தால், பெரிய காயில் வாங்கிப் பெற்ற ஆழத்தில் பாதிக்கு மேல் காற்றிலேயே போய்விடும். ஆழம் கூடக்கூடக் காயில் பார்க்கும் அகலம் சுருங்குவதால் ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதியாவது படிய வேண்டும். ஆழத்தில் ஒலி மெல்லியதாகவும், திரையில் உலோக வகையைக் காட்டும் எண் தாவிக்கொண்டும் இருக்கும். எண்ணைப் பார்த்து விட்டுவிடாமல் 90 பாகை திரும்பி நின்று குறுக்காகவும் வீசிப் பாருங்கள். இரண்டு பக்கமும் உயர்ந்த ஒலி திரும்பத் திரும்ப வந்தால் தோண்டலாம். ஒரு பக்கம் மட்டும் கீச்சிட்டு மறுபக்கம் உடைந்தால் பெரும்பாலும் வளைந்த ஆணி.

தோண்டும் முன் சட்டத்தைக் கேட்டுவிடுங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் டிடெக்டருக்கே தடை. நகரப் பூங்காக்களில் ஊருக்கு ஊர் விதி மாறும். இந்தியாவில் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

பெரிய டபுள் டி காயிலில் இலக்கின் நடுவைப் பிடிப்பது கொஞ்சம் சிரமம். எட்டங்குலக் குழியில் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும் 10 சென்ட்டைத் தேடி மண்வெட்டியால் கீறிவிடாமல் இருக்க, குழிக்குள் காசு இருக்கும் இடத்தைக் காட்டும் கையடக்கமான பின்பாயின்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது காயிலுக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான்.