நிழல் தேசம் – 17: தள்ளுநாற்காலியில் ஒரு காமிரா

பிரெஞ்சு இயக்குநர் ழான் விகோ எடுத்தவை மொத்தமே நாலு படங்கள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் மூன்று மணி நேரம் வராது. அதில் ஒன்று நீச்சல் வீரர் தாரிஸ் பற்றிய பத்து நிமிடத் துணுக்கு. தண்ணீருக்கடியில் எடுத்த காட்சிகள் போக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மற்ற மூன்றும் அப்படியல்ல.

விகோவின் அப்பா மிகேல் அல்மெரெய்தா, அதிகாரத்தைச் சாடிப் பத்திரிகை நடத்திய அராஜகவாதி. 1917-ல் சிறைக்குள் கழுத்து இறுகிச் செத்துக் கிடந்தார். தற்கொலை என்றது அரசு, நம்பியவர்கள் குறைவு. அந்த அப்பாவின் பிள்ளை என்று தெரிந்தால் வம்பு என, பன்னிரண்டு வயதுப் பையனை வேறு பெயரில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். இப்படி வளர்ந்தவன் வெடித்துப் பேசும் படம்தான் எடுப்பான் என்று எதிர்பார்ப்போம். விகோவின் கோபமோ குறும்பாக வெளிவந்தது.

நுரையீரல் நோய்க்குக் காற்று மாற்ற நீஸ் நகரத்தில் தங்கியவர், 1930-ல் அந்த ஊரையே படமாக்கினார். ஒளிப்பதிவாளர் பொரிஸ் காஃப்மன், சோவியத் ஆவணப்பட இயக்குநர் ஸீகா வெர்த்தோவின் தம்பி. காஃப்மன் காமிராவை மறைத்துக்கொண்டு தள்ளுநாற்காலியில் உட்கார, கடற்கரைச் சாலையில் விகோ தள்ளிக்கொண்டு போவார். வெயில் காயும் சீமான்களில் யார் ஒரு நோயாளியை உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? படத்தில் ஒரு சீமாட்டியை அடுத்து நெருப்புக்கோழி வருகிறது. பாலிஷ் போடுபவன் வெறுங்காலைத் தேய்க்கிறான். பிறகு பழைய ஊரின் சந்துகள், சாக்கடை, குப்பை. விளக்கவுரை கிடையாது.

1933-ல் 'நடத்தைக்குப் பூஜ்யம்'. விடுதிப் பையன்களின் கலகம். தலையணைகள் கிழிந்து இறகு பறக்க, எல்லாம் மெல்ல மெல்ல நகரும் ஊர்வலமாகிறது. அந்த இடத்துக்கு இசையமைப்பாளர் மோரிஸ் ழோபேர் செய்த வேலை அபாரம்: எழுதிய இசையைக் கடைசியிலிருந்து முதலுக்கு வாசிக்கச் செய்து பதிந்து, அந்தப் பதிவைத் திருப்பி ஓட்டினார். மெட்டு நேராகத்தான் கேட்கும். ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் எங்கிருந்தோ ஊறி வந்து சட்டென அறுந்துபோகும். பள்ளி விழாவில் பெரிய மனிதர்களுக்குப் பின்னால் துணிப் பொம்மைகளை உட்கார்த்தி வைத்தார் விகோ. தணிக்கைக்கு அது புரிந்துவிட்டது போலும். தடை நீங்கியது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான்.

கடைசிப் படம் 'லத்தலாந்த்'. காதல் படமென்றே எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் ஆலை வாசலில் வேலைக்காக நிற்கும் வரிசையும், பசியில் கைப்பையைப் பறித்தவனைக் கூட்டம் சூழ்ந்து அடிப்பதும்தான் முதலில் நினைவுக்கு வரும். கோமோன் நிறுவனம் படத்தை வெட்டி, அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டைச் செருகி, பாட்டின் பெயரையே படத்துக்கும் சூட்டி 1934 செப்டம்பரில் வெளியிட்டது. அக்டோபர் 5 அன்று விகோ காசநோயில் இறந்தார். வயது 29. வெட்டுப்பட்ட பகுதிகளைத் தேடி ஒட்டி, ஓரளவு முழுப்படமாக 1990-ல் மீட்டார்கள்.

இறந்த நண்பனின் கைகளை ஜாடியில் போட்டு வைத்திருக்கும் 'லத்தலாந்த்' படகின் கிழட்டு மாலுமியை இங்கே விட்டுவிட்டேன். அந்த வேடத்தில் நடித்த மிஷேல் சிமோனுக்கு ஒரு பத்தி போதாது. அடுத்த வாரம் முழுக்க அவர்தான்.

(தொடரும்)