'எலக்ட்ரான்' என்னும் சொல்லும் அதன் தமிழ் வடிவங்களும்

அணுவின் உட்கூறாகிய எலக்ட்ரானைக் குறிக்கத் தமிழில் நான்கு சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் 'எலக்ட்ரான்' என்று எழுதுகின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'இலத்திரன்' என்கின்றன. 'மின்னணு', 'எதிர்மின்னி' என்பன கலைச்சொல் ஆக்கியோர் தந்தவை. இவற்றுள் எது எதனை உணர்த்துகின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம். சொல் மயங்கின் தமிழ்வழிக் கற்கும் மாணவர்க்குப் பொருளும் மயங்கும் என்பதே இவ்வாராய்ச்சியின் தேவை.

முதற்கண் மூலச்சொல்லைக் காண்போம். மரப்பிசின் நெடுங்காலம் மண்ணிற் புதைந்து கல்போல் இறுகிய அம்பர் என்னும் பொருளைக் கிரேக்கர் எலக்ட்ரான் என்றனர். தேய்த்த அம்பர் துரும்பை ஈர்க்கும். இவ்வியல்புடைய பொருள்களுக்கு 1600-இல் வில்லியம் கில்பர்ட் அப்பெயரடியாக இலத்தீனில் ஒரு சொல் ஆக்கினார். 1891-இல் அயர்லாந்து அறிஞர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி, மின்னூட்டத்தின் அடிப்படை அலகிற்கு எலக்ட்ரான் எனப் பெயரிட்டார். அஃது ஓர் அளவின் பெயரேயன்றித் துகளின் பெயர் அன்று. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் துகளைக் கண்டறிந்தபோது அதனைச் சிறுதுகள் எனப் பொருள்படும் வேறொரு சொல்லாலேயே சுட்டினார். ஸ்டோனியின் சொல் பின்னரே துகளுக்கு ஆயிற்று.

கிரேக்கர் வழிவந்த சொல் பிசினிற் பிறக்க, தமிழ்ச்சொல் வானத்து மின்னலிற் பிறந்தது. 'மின்னணு' என்பது மின்னும் அணுவும் சேர்ந்த தொகை. எலக்ட்ரான் அணுவின் உறுப்பாதலின் அதனை அணு என்றல் பிழை என்பர் சிலர். ஆயின், ஸ்டோனியே 1894-இல் எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பில் எலக்ட்ரானை மின்சாரத்தின் அணு என்று குறித்தார். தமிழிலும் அணு என்பது வேதியியலார் கூறும் அணுவை மட்டும் குறித்ததன்று. மிக நுண்ணியது என்பதே அதன் பழம்பொருள். நன்னூலார் அணுத்திரளினின்று எழும் ஒலியையே எழுத்து என்றமை ஈண்டு நினைத்தற்குரியது. ஆகவே, 'மின்னணு' பிறப்பால் வழுவுடைத்தன்று. எனினும், அணு வேறு, அதனுள் இயங்கும் எலக்ட்ரான் வேறு என்று பயிலும் இன்றைய மாணவர்க்கு அஃது இடர் தருவதே.

'எதிர்மின்னி' எதிர் மின்னூட்டம் உடையது என்னும் பொருட்டு. ஆனால் 'எதிர்' என்பது மின்னூட்டத்தின் குறியை உணர்த்துவதோடு 'எதிர்த்துகள்' என்பதிற்போல மறுதலையையும் உணர்த்தும். 1932-இல் கார்ல் ஆண்டர்சன் கண்டறிந்த பாசிட்ரான் எலக்ட்ரானின் எதிர்த்துகள். அதுவோ நேர் மின்னூட்டம் உடையது. எனவே, எதிர்மின்னியின் எதிர்த்துகள் நேர் மின்னூட்டம் உடையது என்று எழுத நேரும்போது ஒரே சொல் இருபொருள்பட நிற்கின்றது.

இனி ஒலிபெயர்ப்புச் சொற்கள். தொல்காப்பிய நெறிப்படி ககர மெய் தன்னொடு மட்டுமே மயங்கும். டகர மெய்யின்பின் ரகரம் வாராது. 'எலக்ட்ரான்' இவ்விரு விதிகளையும் கடந்தது. 'இலத்திரன்' அவற்றிற்கு இயைந்தது. வடசொற்களைத் தமிழ் எழுத்தொடு புணர்த்துக் கொள்ளும் நெறியைப் பிறமொழிச் சொற்களுக்கும் விரித்தால் வரும் வடிவம் இத்தகையதே.

வழக்கு என்ன கூறுகின்றது? 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டுத் தொகுதிகள் அனைத்திலும் மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் பயன்பட்டது. மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் வாக்களித்தோர் 'மின்னணு' என்றதும் துகளை நினைந்திலர். கருவியின் தன்மையையே நினைந்தனர். 'மின்னணுவியல்' ஒரு துறைப்பெயராகவும் நிலைபெற்றுவிட்டது. பெயர்ச்சொல்லாகப் பிறந்த 'மின்னணு' அடைமொழியாக வாழ்கின்றது.

இவற்றால் நாம் கொள்ளும் முடிபு இது: 'மின்னணு' என்பதைத் துறைக்கும் கருவிக்கும் விட்டுவிடுதல் தகும். துகளுக்கு, எப்பொருளையும் தவறாக உணர்த்தாத ஒலிபெயர்ப்புச் சொல்லே ஏற்றது. தமிழ்நாட்டு மாணவர் 'எலக்ட்ரான்' என்று பயில்வதில் இழுக்கில்லை. தமிழ் ஒலிமரபு பேண விழைவோர் புதுச்சொல் தேடி அலைய வேண்டுவதுமில்லை. கடலுக்கு அப்பால் நம் மொழியினர் வகுப்பறைகளில் 'இலத்திரன்' உயிரோடு வழங்குகின்றது. தூய சொல்லாக்கத்தை விரும்பும் தமிழாசிரியராகிய நமக்கு இம்முடிபு எளிதன்று. ஆயினும், மாணவர் தெளிவே சொல்லின் பயன் என்க.